மறுநாள் சாம்பார்

கத்திரிக்காய் வாங்கப் போகிறவர்கள் முதலில் காயைப் பார்க்கக்கூடாது, காம்பைப் பார்க்கவேண்டும் என்றாள் வேம்பு. பக்கத்தில் நின்ற விடுதி வழிகாட்டி பஞ்சநாதன் அதை இங்கிலீஷில் சொன்னான். வெள்ளைக்காரப் புருஷனும் பெண்சாதியும் உடனே குனிந்து காம்பைப் பார்த்தார்கள். காம்பு பச்சையாக, முள்ளோடு இருந்தால் அன்று காலையில் பறித்தது. வாடிக் கறுத்திருந்தால் லாரியில் இரண்டு நாள் தூங்கி வந்தது. அன்றைக்குத் தாராசுரம் மார்க்கெட்டில் இருந்ததெல்லாம் லாரியில் தூங்கிய காய்தான். ஆடி பாதி போய்விட்டது, ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை, உள்ளூர்க் காய்க்கு எங்கே போவது? ஆனாலும் வகுப்பு என்று வந்துவிட்டால் நடத்தியாகவேண்டுமே. வேம்பு கூடையைக் கிளறி எட்டுக் காய் தேற்றினாள்.

இந்த வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மார்க்கெட்டிலிருந்து நாலு மைல் தள்ளி ஆற்றங்கரை ஊரில் குஞ்சிதபாதம் பிள்ளையின் பண்ணை வீடு இருக்கிறது. பிள்ளை காலமாகி, பெற்றதுகள் ஆளுக்கொரு தேசம் போய், வீட்டைப் பத்து வருஷம் வௌவால் ஆண்டது. பிறகு சென்னை முதலாளி ஒருவர் வாங்கிச் சுண்ணாம்படித்து, ஏசி மாட்டி, தங்கும் விடுதி ஆக்கிவிட்டார். வருகிறவர்கள் ஒருநாள் கோயில் பார்க்கிறார்கள், ஒருநாள் மாட்டுவண்டியில் சுற்றுகிறார்கள், மூன்றாம் நாள் சமையல் கற்றுக்கொள்கிறார்கள். காலையில் மார்க்கெட், பிறகு அடுக்களை, மத்தியானம் தாங்களே சமைத்ததை இலை போட்டுச் சாப்பிடுவது. 'பண்ணை வீட்டு அம்மாவின் கைப்பக்குவம்' என்று வாசலில் பலகை தொங்குகிறது. அந்தப் பண்ணை வீட்டு அம்மாதான் வேம்பு. அரக்குப் புடவை, கல் மூக்குத்தி, இடுப்பில் சாவிக்கொத்து எல்லாம் விடுதியில் கொடுத்தது. கொத்தில் பதினோரு சாவி உண்டு. ஒன்றுகூட எந்தப் பூட்டையும் திறக்காது.

நிஜத்தில் வேம்பு அந்தப் பண்ணையில் ஆள்வேலை பார்த்த அரசப்பனின் மருமகள். மற்ற ஆட்களின் குடிசையெல்லாம் ஊருக்கு வெளியே தெருவாக இருந்தது. அரசப்பனுடையது மட்டும் பண்ணை வீட்டுக் கொல்லைக் கோடியில், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஓர் ஆள் வேண்டும் என்று பிள்ளை அங்கே வைத்திருந்தார். மாமனார், மாமியார், புருஷன் இராஜாங்கம் எல்லாரும் போய்ச்சேர்ந்து, கூரை ஓடாக மாறி, இன்றைக்கும் வேம்பு அங்கேதான் இருக்கிறாள். முதலாளி அந்த இடத்தில் நீச்சல்குளம் வெட்டப் பிரியப்படுகிறார். கிரயப் பத்திரத்தில் கொல்லையும் சேர்த்தி என்கிறார். காலையில் அவர் அடுக்களையில் அம்மா வேஷம் கட்டுகிறவளுக்கு, சாயங்காலம் அவர் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வருகிறது. வியாழக்கிழமை தாலுகா ஆபீஸில் விசாரணை. இன்று செவ்வாய்.

இது இவ்வளவு சிக்கலாகியிருக்கவே வேண்டாம். எழுபத்தொன்றிலேயே சட்டம் வந்துவிட்டது. பண்ணை நிலத்தில் குடியிருக்கும் விவசாயக் கூலிகளுக்கு அந்த மனை சொந்தம் என்று சர்க்கார் சொல்லிற்று. அதற்கு முன்னால் கூலிக்காரர்கள் செங்கொடி ஏற்றியதும், அறுப்பை நிறுத்தியதும், அடி வாங்கியதும், ஜெயிலுக்குப் போனதும் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கணக்கெடுக்க வந்தவரிடம் தெருக்காரர்கள் பதினேழு குடும்பமும் பெயர் கொடுத்துப் பட்டா வாங்கிக்கொண்டார்கள். அரசப்பன் கொடுக்கவில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இது அய்யா எடமுங்க. நான் அய்யா வூட்டு மனுஷன். எனக்கு ஏதுங்க தனியா மனை?" என்றாராம். வந்தவர் நல்ல மனுஷர், இரண்டு தடவை கேட்டிருக்கிறார். இரண்டு தடவையும் அதே பதில். அன்றைக்குப் பிள்ளை அரசப்பனுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார். வேட்டி இரண்டு வருஷம் உழைத்தது. விசுவாசம் என்று சொல்லிக்கொள்கிறார்களே, அது எத்தனை பெரிய முட்டாள்தனம் என்று வேம்புவுக்குத் தோன்றாத நாள் இல்லை.

வேம்புவின் மகன் சாமிதுரை பி.காம். படித்துவிட்டுத் தாலுகா ஆபீஸுக்கு எதிரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஊர் மனுவெல்லாம் அடிக்கிறவன் சொந்த மனுவை ஒன்பது தடவை அடித்தாயிற்று. முந்தின நாள் அவன் சொன்னான்: "ரேஷன் கார்டு, கரண்டு பில்லு எல்லாம் பின்னாடி வந்ததும்மா. எழுபத்தொண்ணுக்கு முன்னாடி தாத்தா இங்க பண்ணையாளா இருந்தாரு, இந்தக் கொல்லையில குடியிருந்தாருன்னு பழைய ஆளு யாராச்சும் எழுதிக் குடுக்கணும். அதுவும் பண்ணைக் குடும்பத்து ஆளு குடுத்தா, அப்பறம் யாரும் வாயத் தொறக்க முடியாது."

"அவுங்கள்ளாம் எங்கடா இருக்காங்க, நான் போயி கேக்க?" என்றாள் வேம்பு.

இப்போது மார்க்கெட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் வந்தது. வகுப்புக்கு வந்த மூன்றாவது ஆள் ஒரு தமிழ்ப் பெண்மணி. அறுபது தாண்டியவள், கழுத்தளவு வெட்டிய நரைமுடி, கால்சட்டை. மங்களா என்றும் அமெரிக்கா என்றும் பஞ்சநாதன் சொல்லியிருந்தான். வேனில் அவள் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டதால் வேம்பு சரியாகப் பார்க்கவில்லை. வாழையிலைக் கடையில் அவள் கட்டைப் பிரித்துப் பார்த்து, "நுனியெல்லாம் கிழிசலா இருக்கே, வேற காட்டுப்பா" என்றபோது வேம்பு சட்டென்று திரும்பினாள். அது பிள்ளையின் பெண்சாதி பெரியம்மாவின் குரல். கொல்லைக் கதவைத் திறந்து 'பொன்னுத்தாயீ' என்று வேம்புவின் மாமியாரைக் கூப்பிடுகிற குரல். முகத்தைப் பார்த்தாள். பெரியம்மாவுக்கு இருந்த அதே இடத்தில், மோவாயில், அதே மரு. குஞ்சிதபாதம் பிள்ளையின் ஒரே மகள் மங்களாம்பிகை. எழுபத்தொன்றில் இருபது வயசுப் பெண்ணாக இந்த வீட்டில் இருந்தவள். வேம்பு மருமகளாக வந்தபின் அவள் லீவுக்கு வந்துபோனதை மூன்று நாலு தடவை கொல்லையிலிருந்தபடி பார்த்திருக்கிறாள்.

வேம்பு காலை இழுத்துக்கொண்டு சைத்தூன் பீவியின் வெங்காயக் கடைக்குப் போனாள். இருபது வருஷப் பழக்கம்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் சைத்தூன் பீவி.

"பண்ணை மக வந்துருக்குக்கா. சின்னம்மா."

"எது, குஞ்சிதபாதம் புள்ள மகளா? அப்பக் கேட்டுற வேண்டியதுதான? வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"எப்புடிக்கா கேக்குறது? நான் அந்த வூட்டு அம்மாவால்ல நடிச்சிக்கிட்டு இருக்கேன்."

"யாரு முன்னாடி?"

"அவுங்க முன்னாடியேதான்."

சைத்தூன் பீவி தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்கே பாவமாகப் போயிற்று. "கேளுடி" என்றாள் தணிந்த குரலில். "இன்னிக்கு வுட்டா அது ஏரோபிளேன் ஏறிடும்."

அடுக்களையில் வகுப்பு எப்போதும் ஒரு வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கும். முதலாளி சொல்லிக்கொடுத்த வாக்கியம். பஞ்சநாதன் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தயாராகத் தலையசைத்தான். வேம்பு அடுப்பைத் தொட்டாள். மங்களாம்பிகை எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சொல்லாவிட்டால் பஞ்சநாதன் முதலாளிக்குப் போன் போடுவான். சொன்னால், கேட்பவள் இந்த வீட்டில் பிறந்தவள்.

"இது எங்க மாமியார் சமைச்ச அடுப்பு" என்றாள் வேம்பு. "அவுங்க மாமியாரும் இதுலதான் சமைச்சாங்க. மூணு தலைமுறையாச்சு."

மங்களாம்பிகையின் புருவம் லேசாக ஏறி இறங்கிற்று.

வறுத்தார்கள். மல்லி சிவந்து வாசனை வரும்போது மிளகாய், மிளகாய் உப்பியதும் கடலைப்பருப்பு, கடைசியில் வெந்தயம். வெள்ளைக்காரர் இரும்புலக்கையை வாங்கி இரண்டு குத்துக் குத்திவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வேம்பு வாங்கி இடித்தாள். அந்த அளவில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. பொன்னுத்தாய் நாற்பது வருஷம், அவளோடு சேர்ந்து வேம்பு பன்னிரண்டு வருஷம், இந்த வீட்டுக்குக் கொல்லையில் உட்கார்ந்து பொடி இடித்தவர்கள். பச்சைச் சாமானை, தண்ணீர் படாமல் வறுத்ததைக்கூட, அவர்கள் கை தொடலாம், தோஷமில்லை. குழம்பாகி அடுப்பில் ஏறிவிட்டால் அதன் நிழலில்கூட நிற்க முடியாது. வறுத்து முறத்தில் அளந்து வெளியே வைப்பார்கள், இடித்துச் சலித்து முறத்திலேயே வைத்துவிட்டு நகரவேண்டும். மல்லி இத்தனை, மிளகாய் இத்தனை என்று முறத்தைப் பார்த்தே மாமியாரும் மருமகளும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். முன்பு இங்கே வேலை பார்த்த, படித்துப் பட்டம் வாங்கிய சமையல்காரருக்கு அந்த வாசனை வரவில்லை. கூட்டிப் பெருக்க வந்த வேம்புவுக்கு வந்தது. அப்படித்தான் அவளுக்கு இந்த மூக்குத்தி கிடைத்தது.

சாம்பார் கொதித்தது. வேம்பு இறக்கவில்லை. ஓரமெல்லாம் கறுத்து, குழம்பு பாதியாகி, பருப்பும் புளியும் ஒன்றாகிக் கரண்டியில் ஒட்டும்வரை விட்டாள். "நல்லா சுண்டணும்" என்றாள். பஞ்சநாதன் அதைப் பாரம்பரியப் பொறுமை என்று நீட்டி முழக்கி இங்கிலீஷில் சொன்னான்.

இலையில் உட்கார்ந்ததும் வெள்ளைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார்கள். பஞ்சநாதன் போன் வந்து வாசலுக்குப் போனான். மங்களாம்பிகை ஒரு வாய் வைத்தாள், நிறுத்தினாள், இன்னொரு வாய் வைத்தாள்.

"பொடி எங்க அம்மா பொடி" என்றாள். "கண்ணை மூடிட்டுச் சொல்வேன். ஆனா சாம்பார் அம்மா வைக்கிற சாம்பார் இல்லைங்க. அது தெளிவா இருக்கும், புளியே தெரியாது. இது பழசைச் சூடு பண்ணின மாதிரி இருக்கு. மறுநாள் சாம்பார். உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்க?"

வேம்பு பரிமாறிய கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். சைத்தூன் பீவி சொன்னது காதில் கேட்டது.

"நாங்க மறுநாள்தாம்மா சாப்புட்டுருக்கோம்" என்றாள். "அன்னன்னிக்கு வச்ச சாம்பாரு எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியாது. காலையில பெரியம்மா கொல்லைக் கதவண்ட நேத்து மிஞ்சுனத ஊத்துவாங்க. எங்க மாமியா அத வூட்டுக்கு எடுத்தாந்து புளிச்சது தெரியாம சுண்டக் காய்ச்சும். அந்த ருசிதாம்மா எனக்குத் தெரியும். நான் பொன்னுத்தாயி மருமவ, வேம்பு."

மங்களாம்பிகை சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "பொன்னுத்தாய் மருமகளா நீ?" என்றாள். அதுவரைக்கும் 'நீங்க' என்று பேசியவளுக்கு 'நீ' தானாக வந்துவிட்டது. வேம்புவுக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை, படாததுதான் கொடுமை.

கைகழுவிவிட்டு இருவரும் கொல்லைக்கு வந்தார்கள். பழைய உரல் வாழைக்கு நடுவில் கிடந்தது. மங்களாம்பிகை அதைத் தொட்டுப் பார்த்ததும் அழத் தொடங்கிவிட்டாள். சின்ன வயசில் பொன்னுத்தாய் மடியில் கட்டிக்கொண்டு வந்து தரும் நாவல்பழம், அம்மாவுக்குத் தெரியாமல் தின்றது, எல்லாம் சொன்னாள். வேம்புவின் தோளைக் கட்டிக்கொண்டாள். வேம்பு அசையாமல் நின்றாள். அந்த வீட்டு ஆள் யாரும் அவளைத் தொட்டது அதுதான் முதல்தடவை. அவளுக்கும் கண் நிறைந்தது, அதில் பொய் ஒன்றும் இல்லை.

பிறகு விஷயத்தைச் சொன்னாள். ஓட்டுவீட்டைக் காட்டினாள். "வியாழக்கெழம விசாரணைம்மா. நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும். அரசப்பன் எங்க பண்ணையாளு, எழுபத்தொண்ணுக்கு முன்னாடியே இங்க தனியா குடிசை போட்டுக் குடியிருந்தான். அவ்வளவுதாம்மா."

"எழுதித் தரேன், இது என்ன பெரிய விஷயம்" என்று பையிலிருந்து பேனா எடுத்தவள், முகத்தைச் சுளித்தாள். "பண்ணையாளா? அந்த வார்த்தையெல்லாம் நான் எழுதமாட்டேன் வேம்பு. கேக்கவே அசிங்கமா இருக்கு. அங்க என் பசங்க இதையெல்லாம் பாடமாப் படிக்கிறாங்க தெரியுமா? எங்க வீட்ல அப்படியெல்லாம் யாரையும் வச்சிருந்ததா நான் நினைச்சதே இல்லை."

"எழுதுங்கம்மா. எங்களுக்கு அதுல ஒண்ணும் அசிங்கம் இல்ல. அந்த வார்த்தைதான் அங்க கேக்குறாங்க."

"அதைவிட நல்லா எழுதுறேன். நீ கவலைப்படாதே."

உரல்மேல் உட்கார்ந்து இரண்டு பக்கம் இங்கிலீஷில் எழுதினாள். நடுவில் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கீழே முழுப்பெயர், அப்பா பெயர், பாஸ்போர்ட் நம்பர்வரை போட்டுக் கையெழுத்திட்டாள். வேம்பு தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இடித்த பொடியில் மிச்சம் இருந்ததைப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தாள். போகும்போது மங்களாம்பிகை வரவேற்பறை நோட்டிலும் எதையோ எழுதுவதை வேம்பு தூரத்திலிருந்து பார்த்தாள். நாலு மணிக்கு வேன் அவளைத் திருச்சி விமானத்துக்கு ஏற்றிக்கொண்டு போயிற்று.

வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வேம்பு பஸ் பிடித்து மகன் கடைக்கே போய்விட்டாள். சாமிதுரை சிரித்துக்கொண்டே தாளை வாங்கினான். படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது.

"என்னடா, தொரை?"

"தமிழ்ல சொல்றேன் கேளு. 'அரசப்பனும் பொன்னுத்தாயும் எங்கள் ஆட்கள் அல்லர், எங்கள் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். என் தகப்பனார் அவர்களை ஒருநாளும் கூலியாக நடத்தியதில்லை. அவர்கள் தனியாகக் குடியிருந்தார்கள் என்று சொல்வது அந்த அன்புக்குச் செய்யும் அவமரியாதை. எங்கள் வீடே அவர்கள் வீடு. எங்கள் அடுக்களையில் பொன்னுத்தாய் சமைத்த சாம்பாரின் ருசியை இன்று அவருடைய மருமகள் கையில் மறுபடி கண்டேன்.'"

ஜெராக்ஸ் மிஷின் சூடு தணியாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"பொன்னுத்தாயி சமைச்சாளா?" என்றாள் வேம்பு. "நான் சொன்னனேடா. மறுநாளு சாம்பாருன்னு வாயால சொன்னனே. கேட்டுட்டுத்தான அழுதிச்சு."

"அழுதுட்டா ஆச்சா? கூலியும் இல்ல, தனிக்குடியும் இல்ல. சட்டத்துல இருக்குற ரெண்டையும் அடிச்சிட்டுப் போயிருக்கு. தாத்தா அன்னிக்கு என்னா சொன்னாரோ அதையே இது இங்கிலீஷ்ல எழுதியிருக்கு."

"வேணுமின்னு எழுதலடா."

"வேணுமின்னு எழுதியிருந்தாத் தேவலாம்மா, சண்டையாச்சும் போடலாம்" என்றான் சாமிதுரை. தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டான். "இத நாம குடுக்கவே வாணாம்."

ஆனால் வியாழக்கிழமை அது அவர்களுக்கு முன்னாலேயே தாலுகா ஆபீஸ் போயிருந்தது. வரவேற்பறை நோட்டிலும் மங்களாம்பிகை அதையே சுருக்கி எழுதியிருந்தாள். முதலாளியின் வக்கீல் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்தார். கூடவே செல்போனில் ஒரு படத்தையும் ஓட்டிக் காட்டினார். அரக்குப் புடவையும் மூக்குத்தியுமாக வேம்பு அடுப்பைத் தொட்டுக்கொண்டு, இது எங்க மாமியார் சமைச்ச அடுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானம்மா இது?" என்றார் அதிகாரி.

"நான்தாங்க. அது வகுப்புக்குச் சொல்றதுங்க. சொல்லச் சொல்லுவாங்க."

"சரி. அப்ப அந்தம்மா எழுதினது? அவங்களுக்கு யாரும் சொல்லிக்குடுக்கலையே?"

வேம்பு வாயைத் திறந்தாள். பச்சைச் சாமான், முறம், கொல்லைக் கதவு, பழங்குழம்பு எல்லாம் தொண்டைவரை வந்தது. எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதிகாரி கெட்டவர் இல்லை, இன்னொரு தடவையும் கேட்டார். வேம்பு நின்றுகொண்டே இருந்தாள். உத்தரவு பின்னால் வரும் என்று சொல்லிக் காகிதக் கட்டை மூடினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெங்களூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று வகுப்புக்கு வந்தது. வேம்பு காம்பு பார்த்துக் கத்திரிக்காய் வாங்கிக் கொடுத்தாள். சைத்தூன் பீவி ஒரு பிடி வெங்காயம் கூடப் போட்டாள். அடுக்களைச் சுவரில் மங்களாம்பிகை எழுதிய பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பஞ்சநாதன் செல்போனைத் தூக்கித் தலையசைத்தான்.

"இது எங்க மாமியார் சமைச்ச அடுப்பு" என்றாள் வேம்பு. பஞ்சநாதன் சட்டத்தைக் கைகாட்டினான். வந்தவர்கள் படித்துப் பார்த்து, அவளைக் கும்பிட்டார்கள்.

ஜன்னலுக்கு வெளியே, கொல்லையில், இரண்டு பேர் உரலைப் புரட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு டேப் பிடித்து நீச்சல்குளத்துக்கு அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் ஓட்டுவீட்டுச் சுவரில் சுண்ணாம்பால் கோடு போட்டான். சாம்பார் பொங்கிக் கொதி வந்தது. "இறக்கிடலாமா?" என்று அந்தக் குடும்பத்துப் பெண் கேட்டாள்.

"இல்லைங்க" என்றாள் வேம்பு. "இன்னும் சுண்டட்டும்."